சீருடைத் தவறுக்கு ஏழு நாள் தண்டனை: ராணுவ வேலைக்கு ஆபத்தா?

கேள்வி: என் தம்பி அக்னிவீரராகச் சேர்ந்து இரண்டாம் ஆண்டு நடக்கிறது. பரேடில் பெயர்ப்பட்டை இல்லை, பூட்ஸ் பாலிஷ் சரியில்லை என்று ஹவில்தார், ‘பித்து’ எனப்படும் முதுகுச் சுமைப் பையை மாட்டி ஓட வைத்திருக்கிறார். பிறகு ஆர்டர்லி ரூமில் (அதிகாரி குற்றச்சாட்டை விசாரிக்கும் அறை) நிறுத்தி, ஏழு நாள் லைனை (வீரர்கள் தங்கும் வளாகம்) விட்டு வெளியே போகக் கூடாது என்று தண்டித்துவிட்டார்கள். ‘ரெட் இங்க்’ (சேவை ஆவணத்தில் சிவப்பு மையில் ஏறும் தண்டனைப் பதிவு) விழுந்தால் வேலை போய்விடும், ரெக்கார்டு ஆபீசில் ஆள் பிடித்து அழித்துத் தருகிறேன் என்று ஓய்வுபெற்ற ஒருவர் நாற்பதாயிரம் ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா? (வாசகி, தேனி மாவட்டம்)

பதில்: கொடுக்காதீர்கள். இந்த ஒரு தண்டனைக்காக உங்கள் தம்பியை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அஞ்சத் தேவையில்லை.

இப்படிப்பட்ட தரகர்கள் முதலில் காட்டுவது 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 63ஆம் பிரிவைத்தான். ஒழுங்குக்குக் குந்தகமான எந்தச் செயலையும் அதற்குள் அடக்கிவிடலாம். ஏழு ஆண்டு வரை சிறை என்றும் அதில் எழுதியிருக்கிறது. ஆனால் அந்த ஏழு ஆண்டு ராணுவ நீதிமன்ற விசாரணைக்கு உரிய உச்ச வரம்பு. ஆர்டர்லி ரூமில் கமாண்டிங் அதிகாரி 80ஆம் பிரிவின்கீழ் தண்டிக்கும்போது காவலோ லைன் கட்டுப்பாடோ 28 நாளைத் தாண்டக் கூடாது. அபராதம் 14 நாள் சம்பளத்தைத் தாண்டக் கூடாது. உங்கள் தம்பிக்குக் கிடைத்தது அந்த ஏணியின் கீழ்ப்படி.

அது நியாயமாகக் கொடுக்கப்பட்டதா என்பது வேறு கேள்வி. 1954ஆம் ஆண்டு ராணுவ விதிகளில் 22ஆம் விதிப்படி குற்றச்சாட்டைத் தம்பி முன்னிலையில்தான் கேட்க வேண்டும். எதிராகச் சாட்சி சொல்பவரைக் குறுக்கு விசாரணை செய்யவும், தம் தரப்பைச் சொல்லவும், தமக்குச் சாட்சி அழைக்கவும் அவருக்கு முழு உரிமை உண்டு. நடைமுறையில் மார்ச் செய்து உள்ளே போன பையன் ‘சார்’ என்று சொல்லி முடிப்பதற்குள் வெளியே வந்துவிடுகிறான். பாலிஷ் இல்லாத பூட்ஸுக்கு எத்தனை நாள் என்று சட்டத்தில் எந்த அளவுகோலும் இல்லாததால், ஒரு பட்டாலியனில் ஓர் அதட்டலோடு முடிவது இன்னொன்றில் ஏழு நாளாகிறது. இத்தனை ஆண்டுகளாகியும் முதல் தவறுக்கு எச்சரிக்கை போதும் என்று ஒரு வரி எழுதி வைக்க இவர்களுக்கு என்ன தடை என்பது எனக்குப் புரிந்ததில்லை. பித்து மாட்டி ஓட வைப்பது 80ஆம் பிரிவின் தண்டனைப் பட்டியலிலேயே இல்லை. தண்டனை வழங்கும் அதிகாரம் ஹவில்தாருக்கும் இல்லை. அடியோ கொடுமையோ நடந்திருந்தால் அது 47ஆம் பிரிவின்கீழ் அவர்மீதே குற்றமாகும்.

எல்லாத் தண்டனையும் சிவப்பு மையில் ஏறுவதில்லை. கடுமையானவை சிவப்பிலும் இலகுவானவை கறுப்பிலும் பதிவாகும். எதில் ஏறியது என்று தம்பி முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். நான்கு சிவப்புப் பதிவுகள் இருந்தாலும் அதை மட்டும் வைத்து இயந்திரம்போல் ஒருவரை வெளியேற்றக் கூடாது, தவறுகளின் தன்மையையும் சேவைக் காலத்தையும் எடைபோட வேண்டும் என்று 2015இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இதில் ஒரு விலக்கை மட்டும் கவனமாகப் படியுங்கள். பெயர்ப்பட்டை அன்று அணியப்படவில்லையா, தொலைந்துபோனதா? அணியாதது ஒழுங்குத் தவறு. அரசு கொடுத்த பொருளைக் கவனக்குறைவால் தொலைத்தால் அது 54ஆம் பிரிவுக்குள் போய்விடும். சம்பளத்திலும் பிடித்தம் வரும். பெயர்ப்பட்டை சொந்தக் காசில் செய்ததாக இருந்தால் இந்தப் பேச்சே எழாது. ஆனால் பெல்ட், பூட்ஸ், ஜாக்கெட் போன்றவை தொலைந்தால் அன்றே கம்பெனி குவார்ட்டர்மாஸ்டர் ஹவில்தாரிடம் சொல்லிவிட வேண்டும். இன்ஸ்பெக்‌ஷனுக்காகப் பக்கத்துக் கட்டில்காரருடையதைச் சொல்லாமல் எடுத்து அணிந்தால், சின்னத் தவறு திருட்டுக் குற்றச்சாட்டாக மாறக்கூடும். இல்லாததை இல்லை என்று சொல்லி ஏழு நாள் வாங்குவது எவ்வளவோ மேல்.

மறுபடியும் அந்த நாற்பதாயிரத்துக்கு வருகிறேன். காசுக்காக ஆவணத்தில் இருப்பதை அழிப்பது குற்றம். அழிக்காமல் அழித்ததாகச் சொல்லிப் பணம் பறிப்பதுதான் வழக்கமாக நடப்பது, ஏமாந்த குடும்பம் போலீசிலும் சொல்ல முடியாது. இன்னும் சிலர் ‘ஹவில்தார் லஞ்சம் கேட்டார், சாதிப் பெயர் சொல்லித் திட்டினார்’ என்று நடக்காததைச் சேர்த்து மனு எழுதித் தருவார்கள். தெரிந்தே பொய் சொல்லிப் புகார் கொடுத்தால் 56ஆம் பிரிவின்கீழ் ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. கையெழுத்துப் போட்ட பையன் மாட்டுவான், எழுதிக் கொடுத்தவர் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருப்பார். எம்.பி.யிடம் சிபாரிசுக் கடிதம் வாங்கும் யோசனையையும் விட்டுவிடுங்கள். அது யூனிட்டில் தம்பியின் பெயரைத்தான் கெடுக்கும்.

புகார் இருந்தால் 26ஆம் பிரிவின்படி தம்பியே தம் கம்பெனி கமாண்டரிடம் கொடுக்கலாம். கமாண்டர்மீதே குறை என்றால் அவருக்கு அடுத்த மேலதிகாரியிடம் போகலாம், வாங்குபவர் விசாரித்தே ஆக வேண்டும். தன் பேச்சைக் கேட்காமலே தண்டித்தார்கள் என்பது உண்மையானால் அதை மட்டும், தேதியோடு, நான்கு வரியில் எழுதினால் போதும். அக்னிவீரர்களின் நான்காண்டுப் பணி முடிவில் அதிகபட்சம் 25 சதவீதம் பேரைத்தான் நிரந்தரப் பணிக்கு எடுப்பார்கள், அப்போது இந்தக் காலச் செயல்பாட்டைப் பார்ப்பார்கள் என்பதால், அதே தவறு இன்னொரு முறை பதிவாகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.