சேற்றுத் தடை ஓட்டம்: என்னால் குழு பின்தங்கிவிடுமா?

கேள்வி: அலுவலகத்தில் ஆறு பேர் சேர்ந்து, நன்கொடை திரட்டுவதற்கான சேற்றுத் தடை ஓட்டம் ஒன்றுக்குப் பெயர் கொடுத்திருக்கிறோம். 5 கிலோமீட்டர், 15 தடைகள். இன்னும் 8 வாரம் இருக்கிறது. எனக்கு வயது 41, கடைசியாக ஓடியது பள்ளிக்கூடத்தில். என்னால் மற்றவர்களுக்குத் தாமதமாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. எப்படித் தயாராவது?

பதில்: 5 கிலோமீட்டர் என்ற எண்தான் உங்களைப் பயமுறுத்துகிறது. ஆனால் இந்த ஓட்டத்தில் ஒரே மூச்சாக ஓடுபவர்கள் குறைவு. கணுக்கால் வரை சேறு ஏறிவிட்டால் எல்லோரும் நடக்கத்தான் வேண்டும், தடைகளுக்கு முன்னால் வரிசையில் நிற்கவும் நேரிடும். அதனால் வாரத்துக்கு மூன்று நாள், 3 நிமிடம் மெதுவோட்டம், 1 நிமிடம் நடை என்று மாற்றி மாற்றி 20 நிமிடத்தில் தொடங்குங்கள். ஆறாவது வாரத்துக்குள் இதே முறையில் 5 கிலோமீட்டரை முடிக்க முடிந்தால் போதும். இதய நோய், ரத்த அழுத்தம், பழைய மூட்டுக் காயம் ஏதாவது இருந்தால் மட்டும் மருத்துவரைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

உங்கள் கவனம் போக வேண்டியது கைகளுக்கு. புதிதாக வருபவர்களுக்கு முதலில் சோர்ந்துபோவது முன்கைதான். கயிறு, வலை, தலைக்கு மேலே இருக்கும் கம்பி எல்லாமே பிடியை நம்பியவை, அதுவும் ஈரமான பிடியை. உறுதியான ஒரு கம்பியில் 10 விநாடி தொங்குங்கள், இறங்குங்கள், ஐந்து முறை செய்யுங்கள். 30 விநாடி தொங்க முடிந்ததும், கம்பியில் நனைந்த துண்டைப் போட்டு அதன் இரு முனைகளையும் பிடித்துத் தொங்கிப் பாருங்கள். அன்றைக்குக் கை எப்படி வழுக்கும் என்பது அப்போது புரியும்.

அப்புறம், சுவர். உயரமான சுவரைத் தனியாக ஏறுவது பலருக்கும் முடியாது, அதற்காகத்தான் குழு. கீழே இருவர் சுவரில் முதுகைச் சாய்த்து, முழங்காலை மடக்கி, விரல்களைக் கோத்துத் தொடை உயரத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏறுபவர் அந்தக் கைகளில் கால் வைத்ததும், கீழே இருக்கும் இருவரும் முதுகை வளைக்காமல் கால் பலத்தால் எழ வேண்டும். மேலே உட்கார்ந்திருப்பவர் விரல்களைப் பிடித்து இழுத்தால் சேற்றில் நழுவிவிடும். ஒருவர் மணிக்கட்டை மற்றவர் பற்றிக்கொண்டால்தான் பிடி நிற்கும். மறுபக்கம் குதிக்காதீர்கள், கைகளால் தொங்கி உடலை இறக்கிவிட்டுக் காலை ஊன்றுங்கள். இப்படிப்பட்ட குதிப்பில் கணுக்கால் எளிதில் பிசகிவிடும்.

கூட வேலை பார்ப்பவர்களைத் தொட்டுத் தூக்க வேண்டியிருக்கும் என்பதால், முன்பே ஆறு பேரும் உட்கார்ந்து பேசிவிடுங்கள். யாருக்கு எது சங்கடம், யாருக்கு உயர பயம், யாருக்கு நீச்சல் தெரியாது என்பதெல்லாம் அப்போதே வெளிவரட்டும். குழுவில் மேலதிகாரி இருந்தாலும் சரி, யாரும் காரணம் சொல்லாமலே ஒரு தடையைச் சுற்றிப் போகலாம், மெதுவாக வருபவரின் வேகமே எல்லோருடைய வேகம் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். நீங்கள் எழுதியிருக்கும் பயம் இன்னும் இரண்டு பேருக்காவது இருக்கும். முதலில் நீங்கள் சொல்லிவிட்டால் அவர்களுக்கும் நிம்மதி.

உடை விஷயத்தில் பருத்தி வேண்டாம். தண்ணீரைக் குடித்துக் கனத்துத் தொங்கும். உடலோடு ஒட்டிய செயற்கை இழை உடை, முழங்கால் உரசாமலிருக்க நீளமான கால்சட்டை, அடிப்பாகம் நன்றாகப் பற்றும் பழகிய ஷூ போதும். ஒருநாள் அந்த ஷூவையும் சாக்ஸையும் நனைத்துப் போட்டுக்கொண்டு அரைமணி நேரம் ஓடிப் பாருங்கள், எங்கே கொப்புளம் வரும் என்று தெரிந்துவிடும். மோதிரத்தைக் கட்டாயம் கழற்றிவிடுங்கள். தொங்கும்போது அது எங்காவது மாட்டினால் விரலின் தோலையே உரித்துவிடும். கான்டாக்ட் லென்ஸும் வேண்டாம்.

சேற்றுத் தண்ணீரில் தலைகீழாகப் பாயாதீர்கள், கால் முதலில் இறங்கட்டும், வாய் மூடியிருக்கட்டும். 2012இல் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், மாட்டுப் பண்ணை ஒன்றில் நடந்த தடை ஓட்டத்துக்குப் பிறகு பலருக்குக் கேம்பிலோபாக்டர் கிருமியால் வயிற்றுப்போக்கு வந்தது. சேற்று நீரைத் தெரியாமல் விழுங்கியவர்களே அதிகம் பாதிக்கப்பட்டார்கள். கடைசியாக டெட்டனஸ் ஊசி எப்போது போட்டீர்கள் என்றும் பாருங்கள். 10 வருடம் ஆகியிருந்தால் ஓட்டத்துக்கு முன்பே போட்டுவிடுங்கள். அழுக்கான காயம் பட்டால், கடைசி ஊசி போட்டு 5 வருடம் ஆகியிருந்தாலே மறுபடி போட வேண்டும்.

ஓடி முடித்ததும் படம் எடுக்கும் ஆசையில் ஈரத்தோடு நிற்க வேண்டாம். உலர்ந்த உடை, துண்டு இரண்டும் பையில் மேலாக இருக்கட்டும். சிராய்ப்புகளைச் சுத்தமான தண்ணீரிலும் சோப்பிலும் கழுவுங்கள். அடுத்த மூன்று நான்கு வாரத்துக்குள் காய்ச்சல், கடுமையான தசைவலி, கண் சிவப்பு ஏதாவது வந்தால், சேற்று நீரில் இறங்கியதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். எலிக்காய்ச்சலா என்று அவர் பரிசோதிக்க அந்த ஒரு தகவல் தேவை.