டெலோமியர் கிடக்கட்டும், தம்பி தூங்குகிறானா?

"அம்மா பல வருடமாக பைபோலார் நோய்க்கு லித்தியம் சாப்பிடுகிறார். எனக்கு 34 வயது. நரை வந்துவிட்டது, மறதியும் உண்டு. ஆன்லைனில் டெலோமியர் பரிசோதனை செய்ததில் உடலின் வயது 46 என்று வந்தது. அம்மாவின் நோய் எனக்கும் வருமா? வீட்டில் பெண் பார்க்கிறார்கள். 22 வயதுத் தம்பி மூன்று மாதம் முன்பு சோர்ந்து கிடந்தான். நண்பனின் பழைய சீட்டைக் காட்டி மனச்சோர்வு மாத்திரை வாங்கிச் சாப்பிட்டான். இப்போது நன்றாக இருக்கிறான். ஒரு வாரமாக மூன்று மணி நேரத் தூக்கம்தான், ஆனாலும் செம சுறுசுறுப்பு. தூக்கத்துக்கு அம்மாவின் மாத்திரையில் பாதி கொடுக்கலாமா?"
- வாசகர், அல்சூர், பெங்களூரு

கொடுக்காதீர்கள், தம்பியை உடனே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள் என்று அன்றைக்கே மின்னஞ்சலில் இரண்டு வரி அனுப்பிவிட்டேன். விளக்கம் இங்கே.

லித்தியம் தூக்க மாத்திரை இல்லை; சோர்வும் அளவுமீறிய உற்சாகமும் மாறி மாறி வரும் பைபோலார் நோய்க்கான மருந்து. அது மருந்தாகும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் இடைவெளி ரொம்பக் குறைவு. சிறுநீரகம், தைராய்டு பார்த்துவிட்டுத்தான் தொடங்குவோம்; தொடங்கிய பிறகும் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அளந்துகொண்டே இருப்போம்.

அப்புறம், அந்த 'நன்றாக இருக்கிறான்'. ராத்திரி முழுக்கப் புரண்டுவிட்டு மறுநாள் அசந்து கிடப்பது வேறு. மூன்று மணி நேரம் தூங்கி, போதும் என்று எழுந்து தெம்பாகச் சுற்றுவது வேறு. இரண்டாவது நாள்கணக்கில் நீடித்தால் மேனியா, அதாவது பைபோலாரின் அந்த அளவுமீறிய உற்சாகக் கட்டம், தொடங்குகிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். பேச்சு வேகமாகி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறதா? பணம் தண்ணீராய்ப் போகிறதா? தடுத்துப் பேசினால் எரிந்து விழுகிறானா? பைபோலார் பெரும்பாலும் தலைகாட்டுவது இந்த வயதில்தான், பல பேருக்கு முதலில் வருவது சோர்வுதான். அந்தச் சோர்வுக்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் சிலரை அது மேனியாவில் தள்ளிவிடும். வீட்டில் யாருக்காவது இந்த நோய் உண்டா என்று கேட்காமல் நாங்கள் அந்த மாத்திரையை எழுத மாட்டோம். நண்பனின் சீட்டு கேட்குமா? மெடிக்கல் ஷாப்காரரும் கேட்டிருக்க மாட்டார்.

ஓசூர் ரோட்டில் நிமான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது. அவசரப் பிரிவு 24 மணி நேரமும் உண்டு. தூக்கம் அடியோடு நின்றாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ, அடிக்க வந்தாலோ காலை வரை காத்திருக்காதீர்கள். வர மறுத்தால் எப்படிப் பேசுவது என்று 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே கேட்கலாம்.

சரி, உங்கள் 46. டெலோமியர் என்பது, செல்லுக்குள் ஜீன்களைச் சுமக்கும் குரோமோசோமின் நுனியைக் காக்கும் பகுதி. செல் பிரியப் பிரியத் தேயும். அது எப்படிக் காக்கிறது என்று கண்டறிந்த எலிசபெத் பிளாக்பர்ன், கரோல் கிரைடர், ஜாக் சோஸ்டாக் மூவருக்கும் 2009இல் நோபல் பரிசு கிடைத்தது. நாள்பட்ட நோயுள்ள பிள்ளைகளை வளர்க்கும் தாய்மாரை வைத்து உளவியலாளர் எலிசா எபெலும் பிளாக்பர்னும் செய்த ஆய்வு 2004இல் வந்தது. மன அழுத்தம் அதிகம் உணர்ந்த பெண்களுக்கு டெலோமியர் குட்டையாக இருந்தது. நல்ல ஆராய்ச்சி. ஆனால் அது கூட்டத்தின் சராசரி. ஒரே வயதுக்காரர்களிடையே இந்த நீளம் தாறுமாறாக மாறும். ஒரே ஒரு தடவை அளந்து 46 என்று அச்சடித்துக் கொடுப்பது கிளி ஜோசியத்துக்குக் கொஞ்சம் மேலே. நீளமாக இருந்தால் நல்லது என்றும் இல்லை. சில புற்றுநோய்கள் டெலோமியர் நீளமாக இருப்பவர்களுக்குத்தான் அதிகம் வருகின்றன. டெலோமியரை வளர்க்கும் காப்ஸ்யூல் என்று ஏதாவது வாங்கியிருந்தால் குப்பையில் போடுங்கள்.

நரை பரம்பரை. மறதி, கவலையில் இருக்கிறவருக்கு வராமல் என்ன செய்யும்?

நோய் வருமா என்பதற்கு வருகிறேன். பொதுவாக 100 பேரில் ஒருவருக்கு வருவது, பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் 5 முதல் 10 பேருக்கு வரலாம். 34 வரை ஒன்றும் வராத உங்களுக்கு அதிலும் பெரும்பகுதி கடந்துவிட்டது. இதற்கென்று ஒற்றை ஜீன் கிடையாது. சின்னச் சின்னதாய்ப் பல நூறு சேர்கின்றன. இதே ஊரில் நிமான்ஸும் என்சிபிஎஸ் என்ற உயிரியல் ஆராய்ச்சி மையமும் சேர்ந்து, பலருக்கு நோயுள்ள குடும்பங்களின் செல்களிலிருந்து மூளை நரம்பு செல்களை வளர்த்து ஆராய்கின்றன. அவர்களே கூட உங்கள் ரத்தத்தைப் பார்த்து வரும், வராது என்று சொல்ல மாட்டார்கள். கல்யாணம் செய்துகொள்ளுங்கள், அம்மாவுக்கு இருப்பதைப் பெண்ணிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

தம்பியோடு போகும்போது அந்த மாத்திரை அட்டையையும் அம்மாவின் ஃபைலையும் கையோடு எடுத்துப் போங்கள். லித்தியம் நன்றாக வேலை செய்யும் தன்மை சில குடும்பங்களில் ஓடும்; அம்மாவுக்கு அது எப்படி வேலை செய்தது என்று அங்கே விசாரிப்பார்கள்.