பழைய நோட்டை லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள்

பெரம்பூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். தாத்தாவின் ட்ரங்குப் பெட்டியை ஒழித்தபோது பழைய பஞ்சாங்கம் ஒன்றின் நடுவில் மூன்று ஒரு ரூபாய் நோட்டும் ஒரு பத்து ரூபாய் நோட்டும் கிடைத்ததாம், நான்கிலும் சிங்கமுகம். லேமினேட் செய்யலாமா, சுதந்திரம் வந்த புதிதில் வெளியான நோட்டுகளை இதிலிருந்தே சேர்க்கத் தொடங்கலாமா, லட்சக்கணக்கில் விலை போகும் என்கிறார்களே, உண்மையா என்று கேட்கிறார்.

லேமினேஷன் வேண்டவே வேண்டாம். கல்லூரி நாட்களில் 1950 வரிசை இரண்டு ரூபாய் நோட்டு ஒன்றை ஜெராக்ஸ் கடையில் கொடுத்து அப்படிச் செய்தேன், சூட்டில் பசை தாளோடு ஒட்டிப்போனது, இன்றுவரை பிரிக்க முடியவில்லை, நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. செலோடேப் ஒட்டுவது, இஸ்திரி போடுவது, தண்ணீரில் அலசுவது எதுவும் கூடாது. பிவிசி உறை நாளாக நாளாக அமிலம் கக்கும், அதனால் பாலியெஸ்டரில் செய்த மைலார் உறை என்று கேட்டு வாங்குங்கள். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம், மழைக்காலத்தில் சுவரே வியர்க்கும். டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில் வையுங்கள்.

நோட்டின் ஓரத்தில் சின்ன ஓட்டை இருந்தால் பதற வேண்டாம். அந்தக் காலத்தில் கட்டுகளை பின் அடித்துத்தான் அனுப்பினார்கள், புழங்காத புது நோட்டிலும் அந்த ஓட்டை இருக்கும், சேகரிப்பவர்கள் அதைக் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. ஓட்டையைச் சுற்றிப் பழுப்பு வளையமாகத் துருக்கறை பரவியிருந்தால் மட்டும் விலை இறங்கும். அப்புறம், வாங்கும்போது நோட்டை டியூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பாருங்கள். மடிப்பே இல்லாமல் பளபளவென்று தட்டையாக இருந்து, எழுத்தின் மேடு விரலுக்குத் தட்டுப்படவில்லை என்றால் அது பெரும்பாலும் இஸ்திரி போட்ட நோட்டு. இதைத்தான் புதுசு என்று சொல்லி விற்பார்கள்.

தாராளமாகச் சேர்க்கலாம், நல்ல தொடக்கம்தான். என் யோசனை, ஒரு ரூபாயிலேயே நில்லுங்கள். அதை வெளியிடுவது ரிசர்வ் வங்கி அல்ல, மத்திய அரசு, அதனால் கையெழுத்து நிதிச் செயலாளருடையது. 1949-இல் பிரிட்டிஷ் ராஜா படத்தை எடுத்துவிட்டு காந்தியைப் போடலாமா என்று யோசித்து, கடைசியில் சாரநாத் சிங்கத்தூணைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த முதல் நோட்டில் இருப்பது கே.ஆர்.கே. மேனன் கையெழுத்து. அடுத்து அம்பேகாங்கர், எச்.எம். படேல், ஏ.கே. ராய், எல்.கே. ஜா, எஸ். பூதலிங்கம் என்று வரிசையாகத் தேடிப் போகலாம். இதில் அம்பேகாங்கர் 1957-இல் கொஞ்ச நாள் ரிசர்வ் வங்கி கவர்னராகவும் இருந்தார், ஆனால் கவர்னராக அவர் கையெழுத்திட்ட நோட்டே வரவில்லை, ஒரு ரூபாயில்தான் அவரைப் பிடிக்க முடியும்! இப்படி ஒரு கையெழுத்துக்கு ஒரு நோட்டு, அதுவும் கிடைப்பதிலேயே நல்ல நிலையில் உள்ளது என்று வைத்துக்கொள்ளுங்கள். கிழிந்த பத்தைவிட மொறுமொறுப்பான ஒன்று மேல்.

1954-இல் வந்த, தஞ்சைப் பெரிய கோயில் படம் போட்ட ஆயிரம் ரூபாய் நோட்டு மேல் எல்லாருக்கும் கண் இருக்கும், எனக்கும் உண்டு. 1978-இல் செல்லாதாக்கப்பட்டது அது. விலையும் அதிகம், போலியும் வரும், அதனால் கை பழகிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

லட்சக்கணக்கு விஷயத்துக்கு வருவோம். ஐம்பதுகளின் ஒரு ரூபாய் நோட்டு ஏராளமாக அச்சானது, சாதாரண வரிசை எண்ணும் புழங்கிய தாளுமாக இருந்தால் பெரிய விலை எதிர்பார்க்காதீர்கள். வாங்கிக்கொள்கிறோம், முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள் என்று யாராவது போன் செய்தால் உடனே துண்டியுங்கள். ரிசர்வ் வங்கி பெயரைச் சொல்லி இப்படிப் பணம் கறந்தது குறித்து 2021-இல் அந்த வங்கியே எச்சரித்தது.

சரி, உங்கள் பத்து ரூபாய். பின்பக்கம் பாய்மரப் படகு இருக்கிறதா பாருங்கள். அப்புறம் லென்ஸ் வைத்து இந்தி எழுத்தைப் பாருங்கள், ஒருமையில் 'ருபயா' என்றிருந்தால் ஆரம்பகால நோட்டு. பன்மைக்கு 'ருபயே'தான் சரி என்று முடிவானது 1953 வாக்கில். இந்தி தெரிந்த யாரிடமாவது காட்டினால் ஒரு நிமிட வேலை. அந்தப் பஞ்சாங்கத்தையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள், அது எந்த வருஷத்தது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி நோட்டுகளோடு வையுங்கள்.