பழைய வேகன் ஆருக்குக் கெட்டி ஆயில் ஊற்றலாமா?

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையிலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் கேட்கிறார்: 2009 மாடல் வேகன் ஆர், பெட்ரோல் வண்டி, 1,20,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. 1,500 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் ஆயில் குறைகிறது. 20டபிள்யூ-50 என்ற கெட்டி ஆயிலை ஊற்றினால் சரியாகும் என்கிறார் மெக்கானிக், மருமகனோ விலை கூடிய ஃபுல்லி சிந்தெடிக் (முழுக்கச் செயற்கை) ஆயில்தான் வேண்டும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

இரண்டு பேர் சொல்வதையும் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள் சார். ஆயில் எங்கே போகிறது என்று முதலில் பார்ப்போம். ராத்திரி வண்டியை விடும்போது எஞ்சினுக்கு அடியில் ஒரு பழைய அட்டையை விரித்து வையுங்கள். காலையில் சொட்டு கிடந்தால் டேப்பட் கவர் (எஞ்சின் மேல் மூடி) பேக்கிங்கோ ஏதாவது ஆயில் சீலோ போயிருக்கும், அதை மாற்றினால் முடிந்தது. சொட்டு இல்லாமல், முதல் ஸ்டார்ட்டில் மட்டும் நீலப் புகை ஒரு கொத்து வந்து நின்றால் அநேகமாக வால்வு சீல். ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கப் புகை வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது, அதற்கு எந்த ஆயிலும் மருந்தாகாது.

இப்போது அந்த நம்பர். டபிள்யூ என்றால் குளிர்காலம். முன்னால் இருக்கும் எண் குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதற்கு, பின்னால் இருப்பது சூடான எஞ்சினில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு. நம் ஊரில் மார்கழி விடியலில்கூட 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம், அதனால் முன் எண்ணைப் பற்றி ரொம்பக் கவலை வேண்டாம். வண்டியோடு வந்த புத்தகத்தில் ஆயில் அட்டவணை இருக்கும். இதுவரை பின் எண் 30 உள்ள ஆயில் ஊற்றி வந்திருந்தால், அட்டவணையில் 40 இருக்கிறதா என்று பார்த்து ஒரு படி ஏறுங்கள். 10டபிள்யூ-40 செமி சிந்தெடிக் போதும். நேராக 50-க்குத் தாவினால் ஆயில் குறைவது கொஞ்சம் மட்டுப்படும், நோய் உள்ளேயே கிடக்கும், ஸ்டார்ட் பண்ணியதும் டேப்பட்டுக்கு ஆயில் ஏறத் தாமதமாகும், மைலேஜும் இறங்கும். மருமகன் சொல்வது தப்பில்லை, ஆனால் எரிந்து போகிற ஆயிலுக்கு எதற்கு அவ்வளவு விலை?

கேன் பின்னால் ஏபிஐ என்று போட்டு எஸ்என் அல்லது எஸ்பி இருக்கிறதா பாருங்கள், அது பெட்ரோல் எஞ்சின் ஆயிலின் தரக் குறியீடு.

ஆனால் எண்ணை விடப் பெரிய தலைவலி கேன்தான். நல்ல பிராண்ட் காலிக் கேன்கள் ஆக்கர் கடைக்கு, அதாவது பழைய சாமான் கடைக்குப் போய், எங்கோ நிரம்பி, சீலோடு திரும்பி வருகின்றன. சில பிராண்டுகளில் மெக்கானிக்குக் கூப்பனோ பாயின்டோ உண்டு, உங்களுக்கு எந்த ஆயில் நல்லது என்பதைப் பல நேரம் அதுதான் முடிவு செய்கிறது. பில் போட்டு நீங்களே வாங்குங்கள், பக்கத்தில் நின்று ஊற்ற வையுங்கள், காலிக் கேனை வீட்டுக்குக் கொண்டுவந்து கத்தியால் குத்திவிட்டு எறியுங்கள். எஞ்சின் ஃபிளஷ் (உள்ளே கழுவும் திரவம்), புகை நிறுத்தும் டப்பா என்று எதை நீட்டினாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். பழைய ஆயில் அபாயகரமான கழிவு என்று விதியே இருக்கிறது. ஒர்க்‌ஷாப் பின்னால் ஓடையில் கறுப்பாக மிதப்பதை மட்டும் யாரும் வந்து பார்க்க மாட்டார்கள், ஆனால் நம் வண்டியில் ஒரு காகிதம் காலாவதியானால் உடனே தெரிந்துவிடும்!

கிலோமீட்டர் கணக்கில் ஆயில் மாற்றுவதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அதை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், நம் மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு இதுதான். மகன் வளைகுடாவில், வண்டி ஷெட்டில், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு மட்டும் இரண்டு கிலோமீட்டர். கிலோமீட்டர் ஓடவில்லை, ஆயில் எதற்கு மாற்ற வேண்டும் என்பார்கள். எஞ்சின் முழுதாகச் சூடேறாததால் உள்ளே படியும் ஈரம் ஆவியாகிப் போகாது, அதுவும் நமக்கு இரண்டு பருவமழை. ஆயில் மூடியைத் திறந்தால் அடியில் வெண்ணெய் மாதிரி வெளுப்பாக ஒட்டியிருக்கும். உடனே ஹெட் கேஸ்கெட் (ஆயிலும் தண்ணீரும் கலக்காமல் தடுக்கும் பேக்கிங்) போச்சு என்று எஞ்சினைப் பிரிக்கக் கிளம்பும் ஆட்கள் உண்டு. ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள்: அதில் ஆயில் தெளிவாக இருந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறையாமல் இருந்தால் பெரும்பாலும் வெறும் ஈரம்தான். டிப் ஸ்டிக்கிலும் பால் காப்பி நிறம் என்றால்தான் பயப்பட வேண்டும். இப்படிப்பட்ட வண்டிக்குக் கிலோமீட்டர் கணக்கு வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுங்கள், வாரம் ஒருமுறை நாகர்கோவில் வரை ஓட்டிவிட்டு வாருங்கள்.

உங்கள் வண்டிக்கு அட்டையை இன்று ராத்திரியே வையுங்கள். அளவு பார்க்கும்போது சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள், டிப் ஸ்டிக்கின் மேல் கோட்டைத் தாண்டி ஊற்ற விடாதீர்கள்.