நோயாளியைப் பார்க்காமல் மனநல மருத்துவமா?

கேள்வி: அமெரிக்காவில் மனநல மருத்துவ மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கவிருக்கும் என் மகள், அங்கே குடும்ப மருத்துவரின் கிளினிக்கிலும் பயிற்சி உண்டு, பல நோயாளிகளை நேரில் பார்க்காமலேயே ஆலோசனை சொல்வார்கள் என்கிறாள். இது சரியா? - ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: உங்கள் தயக்கம் இயல்பானது, அம்மா. சியாட்டிலின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் வளர்ந்த கூட்டுச் சிகிச்சை முறையில் குடும்ப மருத்துவர் மருந்து எழுதுவார். பராமரிப்பு மேலாளர் (பெரும்பாலும் செவிலியர் போன்ற ஒருவர்) நோயாளியோடு தொடர்ந்து பேசுவார். மனநல மருத்துவர் வாரந்தோறும் அந்த மேலாளரோடு அமர்ந்து நோயாளிகளின் பதிவேட்டைப் பார்ப்பார். தூக்கம், பசி தொடங்கி, சாவைப் பற்றிய எண்ணம் வரை கேட்டு மனச்சோர்வை அளக்கும் 9 கேள்விகளின் மதிப்பெண் (கூடினால் சோர்வும் கூடுதல்), இரண்டு மாதமாகியும் 18-லிருந்து இறங்காதவரின் பெயரில்தான் பயிற்சி மருத்துவரின் விரல் முதலில் நிற்க வேண்டும். வராமல் போனவர்களும் அந்தப் பட்டியலில் கண்ணில் படுவார்கள் என்பதே இதன் பெரிய பலம். சிக்கலானவர்களை மனநல மருத்துவர் நேரிலும் பார்ப்பார்.

2002-இல் வெளியான ஆய்வில், மனச்சோர்வு கொண்ட 1,801 முதியவர்களுள் இம்முறையில் சிகிச்சை பெற்றோரில் 45 விழுக்காட்டினருக்கு ஓராண்டில் அறிகுறிகள் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தன. வழக்கமான சிகிச்சையில் 19 விழுக்காட்டினருக்கே அவ்வாறு குறைந்தன.

இருப்பினும், தன் முடிவை இன்னொருவர் வழியாகச் செயல்படுத்தும் பணிவும், செவிலியர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கும் பொறுமையும் புத்தகத்தில் வருவன அல்ல. எனவே, அந்த வாராந்தரக் கூட்டத்தில் மூத்த மருத்துவர் உடன் அமர்வாரா என்பதை நேர்காணலில் உங்கள் மகள் அவசியம் கேட்கட்டும்.