கீமோவில் பக்கவிளைவு வந்தால்தான் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தமா?

கீமோ மருந்து வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்கும். நுரையீரல் புற்றுசெல்லோடு, ரத்த அணுக்களை உருவாக்கும் எலும்பு மஜ்ஜை, முடிவேர், குடல் உட்சுவர் செல்களும் அப்படிப் பெருகுபவைதான். அவையும் அடிபடுவதையே பக்கவிளைவு என்கிறோம். களைக்கொல்லி தெளித்தால் பக்கத்துப் பயிரும் கொஞ்சம் வாடுமே, அது மாதிரி.

இதில் முக்கியமானது, கிருமிகளை எதிர்க்கும் ரத்த வெள்ளணுக்கள் குறைவது. 2005இல் வெளியான ஓர் இத்தாலிய ஆய்வு மூன்று சோதனைகளின் தரவைச் சேர்த்துப் பார்த்தது. முற்றிய நுரையீரல் புற்றுநோயில், கீமோவின்போது வெள்ளணு குறைந்தவர்களே பொதுவாகக் கூடுதல் காலம் வாழ்ந்திருந்தார்கள். ஒரே டோஸ் எல்லார் உடம்பிலும் ஒரே மாதிரி வேலை செய்யாது. வெள்ளணு குறைந்தால், மருந்து போதிய அளவு போய்ச் சேர்ந்ததன் அறிகுறியாக அது இருக்கலாம்.

அதற்காக, வாந்தி இல்லை, முடி கொட்டவில்லை, அப்போ மருந்து பலிக்கவில்லை என்று பயப்படாதீர்கள். கட்டி சுருங்கியதா என்பதை ஸ்கேன்தான் சொல்லும், காய்ச்சல் வந்தாலோ அதை நல்ல அறிகுறி என்று வீட்டிலேயே இருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.