வரையாடு, கடமான் கணக்கெடுப்புக்கு எந்த ஜிபிஎஸ்? கேள்வி பதில்

நீலகிரியிலும் பழனி மலையிலும் வனத்துறையோடு கணக்கெடுப்புக்குப் போகும் தன்னார்வலர்கள் கையடக்க ஜிபிஎஸ் பற்றிக் கேட்டவை.

குன்னூரிலிருந்து: அமெரிக்காவில் இருக்கும் மச்சான் மான் வேட்டைக்கு வைத்திருந்த கார்மின் 66ஐ (66i) கருவியைத் தருகிறேன் என்கிறார். வாங்கிக்கொள்ளலாமா அண்ணா?

வேண்டாம். அந்த 'ஐ' மாடலில் இன்ரீச் என்ற செயற்கைக்கோள் செய்தி வசதி இருக்கிறது. உரிமம் இல்லாமல் அதை இந்தியாவுக்குள் கொண்டுவருவது குற்றம். விமான நிலையத்திலேயே பிடிபட்டவர்கள் உண்டு. வேட்டை நாயின் கழுத்துப்பட்டையோடு ரேடியோவில் பேசும் ஆல்ஃபா வகையையும் தொடாதீர்கள். சிக்னலை வாங்க மட்டும் செய்யும் கருவிக்கு இந்தச் சிக்கல் இல்லை. இன்னொன்று: அங்கே வேட்டைக்காரர்கள் கூடுதல் காசு கொடுப்பது யாருடைய நிலம் எங்கே முடிகிறது என்று காட்டும் வரைபடத்துக்காக. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் வேட்டையே இல்லாத நம் ஊரில் அதற்கு வேலையில்லை.

கோத்தகிரியிலிருந்து: போன் போதாதா?

டவர் இல்லாவிட்டாலும் போன் ஜிபிஎஸ் வேலை செய்யும். ஆனால் மூடுபனியில் திரை நனைந்தால் தொடுதல் தாறுமாறாகிவிடும், கையுறையோடு அழுத்தவும் முடியாது. மாற்றுக் கருவியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கூடலூரிலிருந்து: அப்படியானால் எதை வாங்குவது? பட்ஜெட் குறைவு.

பட்டன் உள்ளதாக, ஏஏ பேட்டரியில் ஓடுவதாக, மெமரி கார்டு போடக்கூடியதாகப் பாருங்கள். கார்மினின் இட்ரெக்ஸ் 22எக்ஸ் மாடல் போதும். இரண்டு பேட்டரியில் 25 மணி நேரம் என்பது கம்பெனிக் கணக்கு; குளிரில் குறையும். அதே உடம்பில் 32எக்ஸ் வாங்கினால் மின்னணுத் திசைகாட்டியும் காற்றழுத்த உயரமானியும் கூட வரும். கையில் காசு இருந்து, சோலைக்குள் அதிகம் நுழைபவர் என்றால் ஜிபிஎஸ்மேப் 65எஸ். இரண்டு அலைவரிசைகளில் சிக்னல் வாங்குவதால் மரத்திலும் பாறையிலும் பட்டுத் திரும்பும் சிக்னலால் வரும் பிழை குறையும். பழைய இட்ரெக்ஸ் 10 மலிவாகக் கிடைக்கும்; உயரக்கோட்டு வரைபடம் ஏற்ற முடியாது என்பதால் இந்த மலைக்கு நான் சொல்லமாட்டேன்.

மஞ்சூரிலிருந்து: சோலைக்குள் நடந்த தடம் கோணல்மாணலாக விழுகிறது. கருவி கெட்டுவிட்டதா?

கெடவில்லை. நனைந்த இலைகள் சிக்னலை உறிஞ்சிவிடும், குறுகிய பள்ளத்தில் வானமும் பாதிதான் தெரியும். பேன்ட் பாக்கெட்டில் வைத்தால் உங்கள் உடம்பும் மறைக்கும். பையின் தோள்பட்டையில் மாட்டுங்கள். குட்டைக் கொம்பு போல ஆன்டெனா நீட்டிக்கொண்டிருக்கும் மாடலை நிமிர்த்தியும், இட்ரெக்ஸைத் திரை வானம் பார்க்கப் படுக்கையாகவும் பிடிக்க வேண்டும். காட்டுக்குள் போய் ஆன் செய்யாதீர்கள். திறந்த புல்வெளியில் கால் மணி நேரம் முன்பே போட்டுவிடுங்கள். பழைய தடத்தை அழித்துவிட்டு, பதிவை 10 மீட்டருக்கு ஒரு புள்ளி என்று வையுங்கள்.

ஊட்டியிலிருந்து: நேற்று சரியாக இருந்த உயரம் இன்று 40 மீட்டர் தள்ளிக் காட்டுகிறது.

உங்கள் கருவி உயரத்தைக் காற்றழுத்தத்தை வைத்துக் கணக்கிடுகிறது; வானிலை மாறியிருக்கும். ஊட்டி உயரத்தில் காற்றழுத்தம் ஒரு மில்லிபார் இறங்கினால், நீங்கள் சுமார் 10 மீட்டர் ஏறியதாகக் கருவி நினைத்துக்கொள்ளும். கிளம்புமுன் உயரம் தெரிந்த இடத்தில் சரிசெய்யுங்கள். தொட்டபெட்டா உச்சி என்றால் 2,637 மீட்டர்.

பந்தலூரிலிருந்து: பேட்டரி பாதி இருப்பதாகக் காட்டிக்கொண்டே சட்டென்று அணைந்துவிடுகிறது.

ரீசார்ஜ் பேட்டரி போட்டுவிட்டு அமைப்பில் ஆல்கலைன் என்றே விட்டிருப்பீர்கள். என்ஐஎம்ஹெச் என்று மாற்றுங்கள். உறைபனிக் காலத்தில் மாற்று ஜோடியைச் சட்டைக்குள் உடம்புச் சூட்டில் வையுங்கள்.

கொடைக்கானலிலிருந்து: கொடுத்த புள்ளியை ஏற்றினால் எங்கோ சமவெளியில் போய் நிற்கிறது சார். பழனி மலைக்கு யூடிஎம் மண்டலம் வேறா?

யூடிஎம் என்பது பூமியை நெடுக்குப் பட்டைகளாக, அதாவது மண்டலங்களாகப் பிரித்து இடம் குறிக்கும் முறை; இரண்டு மலைக்கும் மண்டலம் 43தான். தவறு எழுதும் முறையில். 10 பாகை 14 நிமிடத்தை 10.14 என்று அடித்திருப்பீர்கள். 14 நிமிடம் என்பது 0.233 பாகை, அதனால் புள்ளி 10 கிலோமீட்டருக்கு மேல் தெற்கே போய்விடும். குழு முழுவதும் ஒரே வடிவத்தில் எழுதுங்கள். டேட்டம், அதாவது இடத்தைக் கணக்கிட அடிப்படையாக வைக்கும் பூமி வடிவம், டபிள்யூஜிஎஸ் 84 ஆக இருக்கட்டும். எவரெஸ்ட் டேட்டத்தில் அச்சிட்ட பழைய சர்வே வரைபடத்தில் எடுத்த புள்ளியை அப்படியே ஏற்றினால் நூறு மீட்டருக்கு மேல் விலகும். சரிவான இடத்தில் அது அடுத்த பள்ளத்தாக்காகக்கூட இருக்கலாம்.

மசினகுடியிலிருந்து: வரையாடு எதிர்ப் பாறையில் நிற்கிறது. நான் நிற்கும் இடத்தைத்தானே கருவி குறிக்கும்?

ஆமாம், பல பதிவுகள் வீணாவது இங்கேதான். முதலில் உங்கள் இடத்தைப் புள்ளியாகச் சேமியுங்கள். ஆட்டின் திசையைக் கைத்திசைகாட்டியிலும் தூரத்தை ரேஞ்ச்ஃபைண்டரிலும் எடுங்கள். 240 பாகை, 350 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சேமித்த புள்ளியைத் திறந்து மெனுவில் 'புராஜெக்ட் வேபாயின்ட்' போய் இரண்டையும் கொடுத்தால் ஆடு நிற்கும் இடம் தனிப் புள்ளியாக விழும். கைத்திசைகாட்டியில் எடுத்ததால் கருவியின் வடக்கு அமைப்பு காந்த வடக்காக இருக்க வேண்டும். பெயரில் கூட்டத்தின் எண்ணையும் நேரத்தையும் சேருங்கள். ஒரே பகுதியை இரண்டு குழு இடைவெளி விட்டுத் தனித்தனியாக எண்ணும்போது, இருவரும் பார்த்தது ஒரே கூட்டமா என்று தீர்மானிக்க இடமும் நேரமும்தான் ஆதாரம். அதனால் கைக்கடிகாரத்தைக் காலையிலேயே ஜிபிஎஸ் நேரத்துக்குத் திருப்பிவிடுங்கள்.